ஸ்டாக்ஹோமில் இரண்டரை நாள்: பதினான்கு இடங்களில் எதை விடுவது?

மே மாதக் கடைசியில் அலுவலக வேலையாக ஸ்டாக்ஹோம் வருகிறீர்கள். வேலை முடிந்த பிறகு இரண்டரை நாள் கையில் இருக்கிறது. மனைவி, பத்து வயது மகள், எழுபதைத் தொடும் அம்மா மூவரும் உடன் வருகிறார்கள். அருங்காட்சியகம், அரண்மனை, காட்சிக்கூடம் என்று பதினான்கு இடங்களைக் குறித்துக்கொண்டு, எந்த வரிசையில் பார்ப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். வரிசை உங்கள் சிக்கல் இல்லை என்று எனக்குப் படுகிறது. பதினான்கும் முடியாது என்பது உங்களுக்கே தெரியும். எதை விட்டால் ஊர் திரும்பிய பின் மனம் அடித்துக்கொள்ளாது என்பதை யாராவது சொன்னால் நன்றாயிருக்கும் என்றுதான் பார்க்கிறீர்கள். அதற்கே பதில் எழுதுகிறேன்.

பழைய மரப்பொருள்களைப் பாதுகாப்பது என் தொழில். மரம் சுருங்காமல், வெடிக்காமல், பூசணம் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளும் வேலை. இந்த நகரத்துக்கு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வந்துபோன உறவினர்களை அழைத்துக்கொண்டு சுற்றியதில் கால்களுக்கும் கொஞ்சம் அனுபவம் உண்டு. ஆகவே என் தீர்ப்பு மரத்தின் பக்கம் சாயும், அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள். நவீன ஓவியம், ஒளிப்படம், பாப் இசை ஆகியவற்றில் என் பேச்சைக் கேட்க வேண்டாம். நுழைவுக் கட்டணத்தையும் என்னிடம் கேட்க வேண்டாம், அது அடிக்கடி மாறுகிறது. சுவீடன் அரசு 2016ல் பல அரசு அருங்காட்சியகங்களில் நுழைவை இலவசமாக்கியது. 'எல்லாம் இலவசம்' என்று பயணக் குறிப்புகளில் இன்னும் எழுதிக்கொண்டிருப்பது அந்தக் காலத்துச் செய்தி. பிறகு சில மீண்டும் கட்டணத்துக்குப் போய்விட்டன. புறப்படுவதற்கு முந்தைய நாள் அந்தந்த இடத்தின் இணையப் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

எதை விடுவது என்பதற்கு நான் வைத்திருக்கும் கணக்கு எளிது. வேறு ஊரில் பார்க்கக் கிடைப்பதை இங்கே விடலாம், இங்கே மட்டும் இருப்பதை விடக்கூடாது. ஐரோப்பாவின் எந்தத் தலைநகரிலும் நல்ல ஓவியக்கூடம் ஒன்று இருக்கும். முழுசாக எடுக்கப்பட்ட பதினேழாம் நூற்றாண்டுப் போர்க்கப்பல் இங்கே மட்டும்தான் இருக்கிறது.

உங்கள் பட்டியலில் வாசா கப்பலுக்குப் பக்கத்தில் 'வைக்கிங் கப்பல்' என்று எழுதியிருக்கிறீர்கள். அதை முதலில் திருத்திவிடுகிறேன், ஏனென்றால் அந்த எதிர்பார்ப்போடு உள்ளே போனால் ஏமாற்றம்தான். வைக்கிங் காலம் பதினோராம் நூற்றாண்டோடு முடிந்துவிட்டது. வாசா மூழ்கியது 1628 ஆகஸ்ட் 10ஆம் தேதி. நடுவில் ஏறத்தாழ அறுநூறு ஆண்டு. வைக்கிங் கப்பலைப் பார்க்க ஆஸ்லோவுக்கோ, கோபன்ஹேகனுக்கு அருகிலுள்ள ரோஸ்கில்டேவுக்கோதான் போக வேண்டும். ஆஸ்லோவில் இருப்பதும் விரிவாக்க வேலைக்காக மூடப்பட்டது, திறந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு கிளம்ப வேண்டும்.

வாசா இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் மன்னர் போலந்துடன் போரிட்டுக்கொண்டிருந்த காலத்தில் கட்டச் சொன்ன கப்பல். 64 பீரங்கிகள். முன்முனையிலிருந்து பின்முனை வரை 69 மீட்டர். முதல் பயணத்தன்று கரையில் ஊரே கூடி நின்றது. சுமார் 1,300 மீட்டர் போயிருக்கும்; ஒரு காற்று அடித்தது, கப்பல் இடப்பக்கம் சாய்ந்தது, திறந்திருந்த கீழ்வரிசைப் பீரங்கிச் சாளரங்கள் வழியாகத் தண்ணீர் புகுந்தது. துறைமுகத்துக்குள்ளேயே 32 மீட்டர் ஆழத்தில் போய் உட்கார்ந்துவிட்டது. ஏறத்தாழ முப்பது பேர் இறந்தார்கள். 1660களில் மணி வடிவக் கூண்டுக்குள் மனிதர்களை இறக்கிப் பீரங்கிகளில் பெரும்பாலானவற்றை எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு கப்பல் கிடந்த இடமே மறந்துபோயிற்று. 1956ல் ஆண்டர்ஸ் ஃபிரான்சேன் என்பவர் படகிலிருந்து ஒரு துளைக்கருவியைக் கயிற்றில் கட்டி அடியில் போட்டு இழுத்தபோது, கருத்துப்போன ஓக் மரத்துண்டு ஒன்று அதில் மாட்டிக்கொண்டு வந்தது. 1961 ஏப்ரல் 24 அன்று கப்பல் நீருக்கு மேலே வந்தது. பால்டிக் கடலில் உப்பு குறைவு, மரத்தைத் துளைத்துத் தின்னும் கடற்புழு அங்கே வாழ்வதில்லை. மத்தியதரைக் கடலில் மூழ்கியிருந்தால் சில பத்தாண்டுகளில் சல்லடையாகியிருக்கும்.

ஏன் கவிழ்ந்தது என்பதில் தெரிந்ததையும் ஊகத்தையும் வழிகாட்டிகள் ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். மேலே கனம் அதிகம், நீருக்கடியில் இருக்கும் உடல் அந்தக் கனத்தை நிறுத்தப் போதாது என்பது உறுதி. கிளம்புவதற்கு முன்பே முப்பது பேரைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஓடவிட்டுச் சோதித்தார்கள். மூன்று ஓட்டத்திலேயே கப்பல் ஆடிய ஆட்டத்தைப் பார்த்துத் தளபதி நிறுத்தச் சொல்லிவிட்டார். விசாரணையில் பதிவான செய்தி இது. தலைமைத் தச்சர் ஹென்றிக் ஹிபெர்ட்சன் கப்பல் முடிவதற்கு முன்பே 1627ல் இறந்துவிட்டார். அளவுகளை மன்னரே ஒப்புக்கொண்டிருந்தார். ஒருவர் இறந்தவர், இன்னொருவர் மன்னர். விசாரணை யாரையும் தண்டிக்காமல் முடிந்தது. பாதி கட்டிய பிறகு மன்னர் இரண்டாவது பீரங்கித் தளம் கேட்டார், அதனால்தான் கவிழ்ந்தது என்ற கதையை நீங்கள் எப்படியும் கேட்பீர்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். தொடக்கத்திலேயே இரண்டு தளத்துக்குத்தான் திட்டமிட்டிருக்கிறார்கள் என்று கப்பலின் சட்டத்தை அங்குலம் அங்குலமாக அளந்த ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

உங்கள் மகளுக்குக் காட்ட ஒரு பொருள் சொல்கிறேன். கப்பலுக்குள் தச்சர்களின் அளவுகோல்கள் நான்கு கிடைத்தன. இரண்டில் ஓர் அடிக்கு 12 அங்குலம், அது சுவீடன் அடி. மற்ற இரண்டில் 11 அங்குலம், அது ஆம்ஸ்டர்டாம் அடி. ஒரே கப்பலில் ஒருவர் ஓர் அடியிலும் பக்கத்திலிருந்தவர் வேறோர் அடியிலும் மரம் அறுத்திருக்கிறார்கள். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இல்லை என்பதும் அளந்து தெரிந்திருக்கிறது. அந்த வேறுபாடு கப்பலைக் கவிழ்த்ததா என்றால், முக்கியக் காரணம் அது அல்ல, மேலே இருந்த கனம்தான். ஆனாலும் பத்து வயதுப் பிள்ளைக்கு 'அளவு' என்றால் என்ன என்று சொல்லித்தர இதைவிட நல்ல பாடப்பொருள் எனக்குத் தெரியாது.

இனி என் தொழில் பேசும், பொறுத்துக்கொள்ளுங்கள். முந்நூறு ஆண்டு நீரில் ஊறிய மரம் பார்ப்பதற்குத் திடமாகத்தான் இருக்கும். உள்ளே செல்களில் நிற்பது தண்ணீர். காயவிட்டால் தண்ணீர் போன இடத்தில் செல் மடங்கும், மரம் சுருங்கி வெடிக்கும். அதனால் 1962 தொடங்கி 1979 வரை, பதினேழு ஆண்டு, பாலிஎத்திலீன் கிளைகால் என்ற மெழுகு போன்ற பொருளை நீரில் கரைத்துக் கப்பல் மேல் தெளித்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீர் இருந்த இடத்தில் அது போய் அமர்ந்துகொண்டது. முகப்பூச்சிலும் மாத்திரையிலும் சேரும் அதே பொருள்தான். எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தபோது 2000ஆம் ஆண்டு மழை மிகுந்த கோடை வந்தது. நனைந்த குடையும் சட்டையுமாகப் பார்வையாளர்கள் கூட்டமாக உள்ளே வர, காற்றில் ஈரம் ஏற, மரத்தின் மேல் வெள்ளையும் மஞ்சளுமாகப் பூத்தது. துறைமுகத்தின் சாக்கடை நீரில் வாழ்ந்த பாக்டீரியாக்கள் விட்ட கந்தகம் முந்நூறு ஆண்டாக மரத்துக்குள் ஏறியிருந்தது. துருப்பிடித்த ஆணிகளின் இரும்பும் உள்ளே இருந்தது. இரண்டும் ஈரக்காற்றில் சேர்ந்து கந்தக அமிலமாக மாறத் தொடங்கியிருந்தன. குளிரூட்டும் அமைப்பை மாற்றினார்கள், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு ஆணிகளைப் பிடுங்கித் துருப்பிடிக்காத எஃகு ஆணிகளைப் போட்டார்கள். கப்பல் தன் எடையிலேயே மெல்ல அமர்ந்து உருக்குலைவதால், அதைத் தாங்கும் சட்டத்தையும் இப்போது புதிதாக அமைக்கிறார்கள். ஒரு பக்கம் சாரமும் கம்பியும் தெரிந்தால் முகம் சுளிக்காதீர்கள். எனக்கு அந்தப் பக்கம்தான் பிடிக்கும்.

பார்ப்பதற்கு இரண்டரை மணி நேரமாவது ஒதுக்குங்கள். நுழைந்ததும் எதிரில் கப்பல் நிற்கும், எல்லோரும் அங்கேயே நின்று படம் எடுப்பார்கள். நீங்கள் குறும்படத்தைப் பார்த்துவிட்டு, நேராகக் கீழ்த்தளத்துக்குப் போய், ஏரா எனப்படும் அடிமரத்திலிருந்து தொடங்கி மாடி மாடியாக மேலே வாருங்கள்; அம்மாவுக்கு மின்தூக்கி உண்டு. கீழே மனிதர்களின் எலும்புக்கூடுகளும் அவற்றை வைத்து உருவாக்கிய முகங்களும் இருக்கின்றன. ஆண் என்று பல ஆண்டு நினைத்திருந்த ஓர் எலும்புக்கூடு பெண்ணுடையது என்று 2023ல் மரபணுச் சோதனை காட்டியது. விரிக்காமல் மடித்து வைத்திருந்த ஆறு கப்பல் பாய்கள் கிடைத்தன, ஒரு மாலுமியின் பெட்டிக்குள் கம்பளித் தொப்பி அப்படியே இருந்தது. மேல்தளத்தில் பின்முனைச் சிற்பங்களை நிதானமாகப் பாருங்கள். ஏறத்தாழ எழுநூறு சிற்பங்கள், இன்று எல்லாம் கரிய பழுப்பு. கட்டியபோது அவை நம் கோபுரச் சுதைகளைப் போலக் கண்ணைப் பறிக்கும் வண்ணத்தில் இருந்தன. பின்னணி நீலம் என்று நெடுநாள் நினைத்தார்கள். வண்ணத் துகள்களை நுண்ணோக்கியில் பார்த்த பிறகு சிவப்பு என்று தெரிந்தது. பத்தில் ஒரு பங்கு அளவில் வண்ணம் தீட்டிய மாதிரிக் கப்பல் பக்கத்திலேயே இருக்கிறது, அதைப் பார்த்துவிட்டுப் பெரியதைப் பார்த்தால் கண் தானே நிறத்தைப் பூசிக்கொள்ளும். முன்முனையில் பெஞ்சுக்கு அடியில் ஒருவன் குனிந்து பதுங்கிக் கிடக்கும் சிற்பம் ஒன்று உண்டு. அவன் போலந்துப் பிரபு, எதிரி நாட்டுக்காரன். மாலுமிகளின் கழிப்பிடமும் அந்த முனையில்தான். மன்னரின் கேலி எவ்வளவு நாசூக்கானது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வாசாவிலிருந்து நடக்கும் தூரத்தில், அதே யூர்கோர்டன் தீவில், ஸ்கான்சன். இதை விலங்குக்காட்சிச் சாலை என்று சிலர் சொல்லியிருப்பார்கள். கரடி, ஓநாய், பெரிய கடமான் எல்லாம் உண்மையிலேயே உண்டு, மகள் அவற்றின் முன்னால்தான் நிற்பாள். ஆனால் ஸ்கான்சன் 1891ல் தொடங்கிய திறந்தவெளி அருங்காட்சியகம், உலகில் இந்த வகையில் மிகப் பழையவற்றில் ஒன்று. அர்த்தூர் ஹசேலியுஸ் என்ற மனிதர் 1872ல் தாலார்னா பகுதிக்குப் போனபோது, மக்கள் பரம்பரை உடைகளைக் கைவிட்டு வருவதைக் கண்டார். முதலில் உடை சேர்த்தார், பிறகு பாத்திரம், பிறகு வீடுகளையே. சுவீடன் முழுவதிலிருந்தும் மரவீடுகளை ஒவ்வொரு கட்டையாகக் கழற்றிக் கொண்டுவந்து இந்தக் குன்றின் மேல் மீண்டும் பூட்டினார்கள். இப்போது சுமார் நூற்றைம்பது கட்டடங்கள். போலந்து மொழியில் திறந்தவெளி அருங்காட்சியகத்துக்குப் பொதுப்பெயரே 'ஸ்கான்சன்' என்று ஆகிவிட்டது.

அங்கே போனால் ஒரு பண்ணை வீட்டுக்குள் நுழைந்து, தலைக்கு மேலே பாருங்கள். உத்தரத்தின் கீழே நீளமான கழி, அதில் வளையல் கோத்ததுபோல நடுவில் ஓட்டையுள்ள தட்டை ரொட்டிகள். ஆண்டுக்குச் சில முறை மட்டும் சுட்டு, கழியில் கோத்து, எலிக்கு எட்டாமல் காயவிடுவார்கள். அடுப்புப் புகை படிந்த கட்டைகளில் கோடரி வெட்டு இன்னும் தெரியும்; மூலையில் கட்டைகள் ஒன்றை ஒன்று கவ்வும் இடத்தில் ஆணி இல்லை. நான் எத்தனை முறை போனாலும் அந்த மூலையைத் தடவிப் பார்க்காமல் வருவதில்லை. தடவக்கூடாதுதான், தொழில் தெரிந்தவனே இப்படிச் செய்தால் என்ன சொல்வது. பழைய உடையில் வீட்டுக்குள் உட்கார்ந்திருப்பவர்களிடம் கேள்வி கேளுங்கள், அதற்காகத்தான் இருக்கிறார்கள். எல்லா வீடும் எல்லா நாளும் திறந்திருப்பதில்லை. இடம் மேடு பள்ளம். அம்மாவின் முழங்கால் எப்படி என்று நீங்கள் எழுதவில்லை. ஏற்றம் சிரமம் என்றால், மலைரயில் போலக் குன்றின் மேல் ஏறும் சிறு வண்டி ஹசேலியுஸ் நுழைவாயிலில் உண்டு, அன்று ஓடுகிறதா என்று விசாரித்துக்கொண்டு அந்த வாயிலில் நுழையுங்கள். ஸ்கான்சனுக்குப் போக மழையில்லாத நாளைத் தேர்ந்தெடுங்கள், வாசாவை மழை நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். ஹசேலியுஸ் தொடங்கிய இன்னொரு நிறுவனமான நோர்டிஸ்கா அருங்காட்சியகம் வாசாவுக்குப் பக்கத்திலேயே அரண்மனை போல நிற்கிறது. ஸ்கான்சன் போகிறவர்கள் அதை விடலாம், மழை பிடித்துக்கொண்டால் ஒழிய.

பழைய நகரமான காம்லா ஸ்தானில் நீங்கள் குறித்திருப்பது அரண்மனையும் நோபல் பரிசு அருங்காட்சியகமும். அரண்மனையின் மேல்மாடி அறைகளை விடச் சொல்வேன். பொன்முலாம் பூசிய நாற்காலிகளை எங்கும் பார்க்கலாம். அதே அரண்மனையின் நிலவறையில் இருக்கும் லிவ்ருஸ்ட்காம்மரன் என்ற அரச ஆயுதசாலையை உங்கள் பட்டியலில் காணோம், அதைச் சேருங்கள். சுவீடனின் மிகப் பழைய அருங்காட்சியகம் இது. போலந்துப் போரில் காயம்பட்டபோது தான் உடுத்தியிருந்த, இரத்தம் படிந்த உடைகளைப் பத்திரப்படுத்தும்படி இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃப் உத்தரவிட்டார். ஆண்டு 1628. அவருடைய கப்பல் மூழ்கிய அதே ஆண்டு. நான்காண்டு கழித்து ஜெர்மனியில் லூட்ஸன் போர்க்களத்தில் அவர் விழுந்தபோது ஏறியிருந்த குதிரையின் பெயர் ஸ்ட்ரெய்ஃப். அதன் தோலைப் பதப்படுத்தி நிறுத்தி வைத்திருக்கிறார்கள். காலையில் கப்பலையும் மாலையில் அந்தக் குதிரையையும் பார்த்தால், பாடப்புத்தகத்தில் பெயராக மட்டும் இருந்த மன்னர் ஓர் உடம்புள்ள ஆளாகிவிடுவார்.

அங்கேயே இன்னொரு கண்ணாடிப் பெட்டியில் மூன்றாம் குஸ்தாவின் முகமூடி நடன உடை இருக்கிறது. 1792 மார்ச் 16 இரவு இசைநாடக அரங்கில் முகமூடி விருந்தில் அவரை முதுகில் சுட்டார்கள். பதின்மூன்று நாள் கிடந்து இறந்தார். உடையின் பின்பக்கம் போய் நில்லுங்கள், கிழிந்த இடம் தெரியும். இந்த மன்னரை மறந்துவிடாதீர்கள், மூன்றாம் நாள் திரும்ப வருவார்.

நோபல் அருங்காட்சியகம் ஸ்தூர்தோர்யெட் சதுக்கத்தில், பழைய பங்குச்சந்தைக் கட்டடத்தில் இருக்கிறது, 2001ல் தொடங்கியது. சிறியது, ஒரு மணி நேரம் போதும். படிப்பதற்கு நிறைய, பார்ப்பதற்குக் குறைவு என்பது என் எண்ணம். ஆனால் நமக்கு ஒரு காரணம் உண்டு. 1930ல் இயற்பியலுக்குப் பரிசு பெற்ற திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன், 1983ல் அவருடைய அண்ணன் மகன் சுப்பிரமணியன் சந்திரசேகர், 2009ல் வேதியியலுக்குச் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் என்று மூன்று பேரைப் பற்றி மகளுக்குச் சொல்லிக்கொண்டே நடக்கலாம். உணவகத்தில் நாற்காலியைக் கவிழ்த்துப் பார்க்கச் சொல்லுங்கள், அடியில் பரிசு பெற்றவர்களின் கையெழுத்து இருக்கும். பரிசு கொடுக்கும் இடம் இதுவல்ல; அது நகரத்தின் இசையரங்கில் நடக்கிறது, விருந்து ஸ்டாட்ஹூஸ் எனப்படும் நகர மன்றத்தின் நீல மண்டபத்தில். 1923ல் திறந்த அந்த மன்றத்தில் நீல மண்டபம் நீலமாக இல்லை. நீலம் பூசத் திட்டமிட்டிருந்த கட்டடக்கலைஞர் ராக்னார் எஸ்ட்பெர்ய், செங்கல்லின் சிவப்பைப் பார்த்த பிறகு மனம் மாறிவிட்டார், பெயர் மட்டும் நின்றுவிட்டது. உள்ளே வழிகாட்டியுடன்தான் விடுவார்கள். நேரம் பொருந்தினால் பாருங்கள், பொருந்தாவிட்டால் வெளியே ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள்.

வரலாற்று அருங்காட்சியகமான ஹிஸ்தோரிஸ்காவை 'தங்க அறை' என்பதற்காகக் குறித்திருக்கிறீர்கள். நிலத்தடியில் 52 கிலோ தங்கமும் 200 கிலோவுக்கு மேல் வெள்ளியும் வைத்திருக்கிறார்கள். நான் அங்கே போவது எட்டு சென்டிமீட்டர் சொச்சம் உயரமுள்ள ஒரு வெண்கலப் புத்தருக்காக. தாமரை மேல் அமர்ந்த உருவம், ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு, இன்றைய பாகிஸ்தானின் சுவாத் பள்ளத்தாக்குப் பகுதியில் வார்த்தது என்று கருதுகிறார்கள். கிடைத்த இடம் ஸ்டாக்ஹோமுக்கு மேற்கே ஏரிக்குள் இருக்கும் ஹெல்யோ தீவு. அகழ்ந்தெடுத்தது 1956ல், அதாவது வாசா கண்டுபிடிக்கப்பட்ட அதே ஆண்டில். அயர்லாந்துப் பேராயரின் கோல்முனை ஒன்றும் எகிப்திலிருந்து வந்த அகப்பை ஒன்றும் அதே தீவில் கிடைத்தன. புத்தர் எப்படி வந்தார் என்பது யாருக்கும் தெரியாது. ஆற்றுவழி வணிகத்தில் கைமாறிக் கைமாறி வந்திருக்கலாம் என்பதற்கு மேல் சொல்ல முடியாது. 'வைக்கிங்குகள் இந்தியாவுக்குப் போனார்கள்' என்று யாராவது இதைக் காட்டிச் சொன்னால் புன்னகைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். வார்ப்பைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு அந்தச் சிறிய முகம் சட்டென்று பிடிபடும். அம்மா அதன் முன்னால் கைகூப்பினாலும் வியக்கமாட்டேன், என் மாமா கூப்பினார்.

மூன்றாம் நாள் அரை நாளுக்கு, உங்கள் பட்டியலில் கேள்விக்குறி போட்டிருக்கும் ட்ரோட்னிங்ஹோமைச் சொல்கிறேன். அரச குடும்பம் வசிக்கும் அரண்மனைக்காக இல்லை, பக்கத்திலிருக்கும் அரங்குக்காக. 1766ல் கட்டிய நாடக அரங்கு. மூன்றாம் குஸ்தாவுக்கு நாடகப் பித்து, அவர் காலத்தில் இது ஓயாமல் இயங்கியது. அவர் சுடப்பட்டு இறந்ததும் கதவைச் சாத்தினார்கள். ஏறக்குறைய அப்படியே மறந்துவிட்டார்கள். 1921ல் ஆக்னே பேயெர் என்ற இலக்கிய ஆய்வாளர் ஓர் ஓவியத்தைத் தேடிக்கொண்டு உள்ளே போனபோது, தூசிக்குள் மேடையும் திரைச்சீலைகளும் இயந்திரங்களும் இருந்த இடத்திலேயே இருந்தன. கயிறுகளை மாற்றினார்கள், மரப்பொறிகள் மறுபடி ஓடின. இன்றும் கோடையில் அங்கே இசைநாடகம் நடக்கிறது.

மேடைக்குக் கீழே கப்பலில் நங்கூரம் இழுக்கும் உருளையைப் போன்ற ஒன்று இருக்கிறது. ஆட்கள் அதைத் தள்ளிச் சுற்றினால் மேடையின் இருபக்கத் தட்டிகளும் ஒரே நேரத்தில் உள்ளே போய் வேறு தட்டிகள் வெளியே வரும். காடு சில நொடியில் அரண்மனையாகிவிடும். கடலலைக்குத் திருகு வடிவில் செதுக்கிய நீண்ட மர உருளைகள், ஒன்றன் பின் ஒன்றாகச் சுற்றுவார்கள். இடிக்கு, தலைக்கு மேலே ஒரு மரப்பெட்டிக்குள் கற்களை உருட்டுவார்கள். வழிகாட்டிக்கு மனமிருந்தால் அந்த ஒலியைக் கேட்கலாம். பார்வையாளர் பக்கம் சலவைக்கல் போலத் தெரிவதெல்லாம் மரமும் காகிதக்கூழும் வண்ணமும்தான், கிட்டே போய்ப் பாருங்கள். வழிகாட்டியுடன் மட்டுமே நுழையலாம், கோடையில்தான் தொடர்ந்து காட்டுகிறார்கள், மே கடைசி அதற்குச் சரியான காலம். நாடகம் நடக்கும் நாளில் சுற்று நேரம் மாறும். நகர மன்றத்துக்குப் பக்கத்துத் துறையிலிருந்து படகில் ஏறத்தாழ ஒரு மணி நேரம்; அம்மாவுக்கு அந்தப் பயணமே ஓர் ஓய்வு. படகு கிடைக்காவிட்டால் பச்சை வழித்தடத்தில் ப்ரோமாப்லான் வரை மெட்ரோ, பிறகு பஸ்.

இனி விடவேண்டியவை, சுருக்கமாக. தேசிய ஓவியக்கூடத்தை விடலாம் என்று சொன்னால் என் நண்பர்கள் அடிக்க வருவார்கள். ரெம்பிராண்ட் ஆம்ஸ்டர்டாம் நகர மன்றத்துக்காகத் தீட்டி, மறுக்கப்பட்டு, வெட்டிச் சிறிதாக்கப்பட்ட கிளாடியஸ் சிவிலிஸ் ஓவியம் அங்கேதான் இருக்கிறது. கார்ல் லார்ஷன் அந்தக் கட்டடத்தின் படிக்கட்டுச் சுவருக்கென்றே தீட்டிய பிரம்மாண்ட ஓவியத்தையும் நிராகரித்தார்கள். அது ஜப்பான் வரை போய், 1997ல் விலைகொடுத்து மீட்கப்பட்டு, முதலில் எண்ணிய சுவருக்கே வந்து சேர்ந்தது. ஓவியத்தில் நாட்டம் உண்டென்றால் இந்த இரண்டுக்காக ஒரு மணி நேரம் போய் வாருங்கள். நவீனக் கலைக்கூடம், ஒளிப்படக்கூடம், ஆப்பா இசைக்குழுவின் காட்சியகம் மூன்றையும் பற்றி எனக்குக் கருத்து இல்லை. உங்களில் யாருக்கும் அவற்றில் ஆசை இல்லாவிட்டால் பட்டியலிலிருந்து அடித்துவிடுங்கள். மரத்தின் மேலும் மனிதரின் விசித்திரத்தின் மேலும் விருப்பமுள்ளவர் தனியாக வந்தால் ஹால்வில் மாளிகைக்கு அனுப்புவேன். வில்ஹெல்மினா என்ற சீமாட்டி தன் வீட்டிலிருந்த சமையல் பாத்திரம் வரை ஒவ்வொன்றையும் எண்ணிட்டுப் பதிவுசெய்து எழுபதுக்கும் மேற்பட்ட தொகுதிகளாக்கி, வீட்டோடு அரசுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். குழந்தையோடு வேண்டாம்.

சுரங்க ரயில் நிலையங்களைத் தனி இடமாகக் குறித்திருக்கிறீர்கள், அது தேவையில்லை. எப்படியும் அதில்தான் போகப்போகிறீர்கள். நீல வழித்தடத்தில் டி-சென்ட்ராலனில் இறங்கி, குகை போல வெட்டிய பாறையில் தீட்டிய நீலக் கொடிகளையும், நிலையத்தைக் கட்டிய தொழிலாளர்களின் நிழலுருவங்களையும் அண்ணாந்து பார்த்துவிட்டு, ஒரு நிலையம் தள்ளி குங்ஸ்ட்ரெட்கோர்டனில் இறங்குங்கள். ஒற்றைப் பயண டிக்கெட் 75 நிமிடம் செல்லும், அதற்குள் இரண்டும் முடியும்.

நகரச் சுற்றுலா அட்டை வாங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். நாளுக்கு நான்கு இடம் ஓடுபவர்களுக்குத்தான் அது கட்டுப்படியாகும். நான் சொல்லும் வேகத்தில் பெரியவர்களுக்கே லாபமில்லை. மகளுக்கு வாங்கவே வேண்டாம், வாசா உட்படப் பல இடங்களில் பதினெட்டு வயது வரை கட்டணமில்லை. ரொக்கப் பணத்தை நம்பாதீர்கள், பல இடங்களில் கார்டு மட்டும்தான். திங்கட்கிழமை பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும். ஒரு முறை என் சித்தப்பாவை அழைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் பயணம் செய்து போய், பூட்டிய கதவுக்கு முன்னால் அசடு வழிய நின்றிருக்கிறேன். வாசா வாரம் முழுவதும் திறந்திருக்கும், திங்கட்கிழமை வந்தால் அதை அன்றைக்கு வையுங்கள். காலையில் திறந்தவுடன் போனால் சுற்றுலாக் கப்பல்காரர்களின் கூட்டத்துக்கு முன் முடித்துவிடலாம். அசைவம் சாப்பிடாதவர்களுக்குக் காட்சியக உணவகங்களில் ஏதாவது ஒன்று எப்போதும் கிடைக்கும், முட்டை சேர்ந்திருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு ஒரு சால்வை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியே வெயில் அடித்தாலும் வாசா கூடத்துக்குள் பதினெட்டு, இருபது டிகிரிதான், வெளிச்சமும் மங்கல். கப்பலுக்காக வைத்திருக்கும் குளிர் அது. உட்கார அங்கங்கே பெஞ்சு உண்டு. மேல்மாடியில், பின்முனைச் சிங்கங்களுக்கு நேரெதிரே உட்காரவைத்துவிட்டு நீங்கள் சுற்றி வரலாம்.